சார்லட் பிராண்டி

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள தார்ன்டன் என்னும் சிற்றூரில் 1816ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பிறந்தவர் சார்லட் பிராண்டி. தந்தை திருச்சபைக் குரு. ஐந்து வயதில் தாயை இழந்த சார்லட், 1825ஆம் ஆண்டில் மூத்த சகோதரியர் இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தார். வளர்ந்தபின், செல்வர் இல்லங்களில் தங்கிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பணியை மேற்கொண்டார். அப்பணியில் ஊதியம் சிறிது. மதிப்போ அதனினும் சிறிது.

பிரெஞ்சு மொழி பயில 1842ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகருக்குச் சென்றார். அங்குத் தம் அறிவை மதித்த ஆசிரியர் எஜேயிடம் அவர் மனம் சென்றது. அவரோ மணமானவர். ஊர் திரும்பிய சார்லட் எழுதிய மடல்களுக்கு, நாளடைவில் மறுமொழி வருவது நின்றுபோயிற்று. ஒருதலை அன்பின் வலியை அவர் உணர்ந்தார்.

1847ஆம் ஆண்டு, கரர் பெல் என்னும் புனைபெயரில் அவர் எழுதிய ‘ஜேன் அயர்’ புதினம் வெளிவந்தது. அதன் தலைவி ஜேன், பெற்றோரை இழந்த ஏழைப்பெண்; ரோச்செஸ்டர் என்னும் செல்வரின் மாளிகையில் ஆசிரியை. அழகோ செல்வமோ அவர்களை இணைக்கவில்லை. அச்சமின்றி மனந்திறந்து பேசிய பேச்சே இணைத்தது. திருமண நாளன்று, அவருடைய முதல் மனைவி உயிருடன் இருப்பது வெளிப்படுகிறது. தம்முடன் தங்கிவிடுமாறு அவர் மன்றாடுகிறார். காதல் சிறிதும் குறையாத நிலையிலும், தன்மதிப்பை இழக்க விரும்பாத ஜேன் அம்மாளிகையை விட்டு வெளியேறுகிறாள். பின்னர், உறவினர் விட்டுச்சென்ற செல்வத்தைப் பெற்றுத் தற்சார்புடைய பெண்ணாகத் திரும்புகிறாள். முதல் மனைவி இறந்துவிட்டாள். ரோச்செஸ்டரோ தீ விபத்தில் பார்வையையும் ஒரு கையையும் இழந்திருக்கிறார். இரக்கத்தினால் அன்று, விருப்பத்தினாலேயே அவரை ஜேன் மணக்கிறாள்.

பெண்ணொருத்தி தன் வேட்கையை வெளிப்படையாக உரைப்பதைச் சிலர் கண்டித்தனர். ஆயினும் வாசகர் அந்நூலை விரும்பி ஏற்றனர்.

1848, 1849ஆம் ஆண்டுகளில் தம்பியையும் தங்கையர் இருவரையும் சார்லட் இழந்தார். தந்தையின் உதவிக்குருவான ஆர்தர் நிக்கல்ஸ் 1852ஆம் ஆண்டு அவரை மணக்க விரும்பியபோது, தந்தை கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்பு தணிந்தபின், 1854ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் திருமணம் நடந்தது. காதலாகத் தொடங்காத அவ்வுறவு, மணவாழ்வில் அன்பாகக் கனிந்தது. எனினும் அவ்வாழ்வு ஒன்பது திங்களே நிலைத்தது. 1855ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், தம் 38ஆம் வயதில் சார்லட் மறைந்தார்.

காதலின் ஆழம் தன்னை இழப்பதில் இல்லை. தன்னை இழக்காமலேயே பிறிதோர் உள்ளத்தோடு ஒன்றுவதில் இருக்கிறது. ஜேனின் வாழ்வு வழியே சார்லட் உணர்த்திய உண்மை இதுவே.