ஜனாதிபதி பதவியையே வேண்டாம் என்றவர்... கூண்டு விலங்குகளுக்காகச் சட்டம் கேட்டவர்! யார் இந்த ருக்மிணி தேவி அருண்டேல்?

சர்க்கஸ் என்றாலே சிங்கம், புலி, கரடி என்று இருந்த காலம், 90-களில் வளர்ந்தவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். நெருப்பு வளையத்துக்குள் புலி பாயும், கரடி சைக்கிள் ஓட்டும். இப்போது சர்க்கஸுக்குப் போனால் அதெல்லாம் கிடையாது. ஏன்?

1960-ல் வந்த ஒரு சட்டம்தான் அடிப்படைக் காரணம். அந்தச் சட்டம் வரவேண்டும் என்று நாடாளுமன்றத்தில் மல்லுக்கட்டியவர் வழக்கறிஞரும் இல்லை, கால்நடை மருத்துவரும் இல்லை. ஒரு பரதநாட்டியக் கலைஞர்! கலாக்ஷேத்ரா என்றதும் நினைவுக்கு வரும் ருக்மிணி தேவி அருண்டேல்தான் அவர்.

மதுரையில் பிறந்த 'லீப் வருஷ' குழந்தை

1904 பிப்ரவரி 29-ம் தேதி மதுரையில் பிறந்தார் ருக்மிணி. நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் பிறந்தநாள்! அப்பா நீலகண்ட சாஸ்திரி பொறியாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். அதனால் குடும்பம் சென்னை அடையாறுக்குக் குடிவந்தது.

அங்கே பழக்கமானவர்தான் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயர். 1920-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். ருக்மிணிக்கு வயது 16, அவருக்கோ 40-ஐத் தாண்டிவிட்டது. பிராமணப் பெண் வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்வதா என்று சென்னையே கொந்தளித்தது.

ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பு அவரை நடனத்தின் பக்கம் திருப்பியது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று 1935-ல் மேடையேறினார். அடுத்த வருஷமே கலாக்ஷேத்ரா பிறந்தது. தலைமுறை தலைமுறையாக இந்தக் கலையைக் காப்பாற்றி வந்த சமூகத்துப் பெண்களை ஓரங்கட்டித்தான் இந்த மாற்றம் நடந்தது என்ற விமர்சனம் இன்றும் உண்டு.

டெல்லிக்குப் போனதும் என்ன செய்தார்?

1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். கலைக்காகக் கிடைத்த பதவி. ஆனால் அங்கே அவர் கையில் எடுத்தது வாயில்லா ஜீவன்களின் பிரச்சினையை!

அப்போது நடைமுறையில் இருந்தது பிரிட்டிஷ்காரர்கள் 1890-ல் போட்ட சட்டம். அது போதாது என்பது ருக்மிணியின் வாதம். 1953-ல் தானே ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அமைச்சராக இல்லாத ஓர் எம்.பி. கொண்டுவருவதுதான் தனிநபர் மசோதா. இப்படி வரும் மசோதா சட்டமாவது ரொம்பவே அபூர்வம்.

பிரதமர் நேரு குறுக்கிட்டார். மசோதாவின் நோக்கம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அரசே ஒரு குழு அமைத்து ஆராய்ந்து சட்டம் கொண்டுவரும், இதைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ருக்மிணியும் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு ஆறு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1960 டிசம்பரில்தான் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது.

சட்டத்தில் என்ன இருக்கு?

பழைய சட்டத்தில் 'விலங்கு' என்றால் வீட்டு விலங்கும் பிடிபட்ட விலங்கும்தான். புதிய சட்டத்தில் மனிதரைத் தவிர எல்லா உயிரும் விலங்குதான்.

அடுத்து, கூண்டு. ஒரு விலங்கு ஓரளவாவது நடமாட முடியாத அளவுக்கு நீளம், அகலம், உயரம் குறைந்த கூண்டில் அடைத்தால் அதுவும் கொடுமைதான் என்கிறது 11-வது பிரிவு. அதாவது அடிப்பது மட்டும் குற்றமில்லை, நெருக்கி அடைப்பதும் குற்றம்.

மூன்றாவது, 22-வது பிரிவு. விலங்குகளை வைத்து வித்தை காட்டப் பதிவு கட்டாயம். எந்த விலங்கை வித்தைக்குப் பயன்படுத்தவே கூடாது என்று அறிவிக்கும் அதிகாரமும் மத்திய அரசுக்கு உண்டு.

அப்போ உயிரியல் பூங்கா?

இங்கேதான் ஒரு ஓட்டை. வித்தை காட்டுவது, காட்சிப்படுத்துவது பற்றிய அந்த அத்தியாயம் முழுவதிலிருந்தும் உயிரியல் பூங்காக்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டது 27-வது பிரிவு. சர்க்கஸ் புலிக்குப் பதிவேடு உண்டு, பூங்காப் புலிக்குக் கிடையாது!

இன்னொன்று, தண்டனை. 11-வது பிரிவில் முதல்முறை சிக்கினால் அதிகபட்ச அபராதமே 50 ரூபாய்தான். ருக்மிணி இறந்து பல வருஷங்கள் கழிந்த பிறகும் அந்தத் தொகை ஏறவில்லை.

1962-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் ருக்மிணிதான். கடைசிவரை அந்த வாரியத்தில் இருந்தார். ஆனால் வாரியத்தின் முக்கிய வேலை அரசுக்கு ஆலோசனை சொல்வதுதான்.

1977-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவரை ஜனாதிபதி வேட்பாளராக்க விரும்பினார். ருக்மிணி மறுத்துவிட்டார். 1986 பிப்ரவரி 24-ம் தேதி சென்னையில் காலமானார். 82-வது பிறந்த நாளை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

அவருக்குப் பிறகு என்ன நடந்தது?

அவர் விட்டுப்போன சட்டம் அதன் பிறகுதான் முழு பலத்தைக் காட்டியது. 22-வது பிரிவின்படி கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பயன்படுத்த 1998-ல் மத்திய அரசு தடை போட்டது. சர்க்கஸ் உரிமையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2001-ல் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது.

2011-ல் அதே பட்டியலில் காளையும் சேர்ந்தது. அதன் தொடர்ச்சிதான் 2014 ஜல்லிக்கட்டுத் தடையும், 2017 மெரினா போராட்டமும், தமிழ்நாடு அரசின் சட்டத் திருத்தமும்.

பூங்கா ஓட்டை? அதை அடைத்தது வேறொரு சட்டம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 1991-ல் திருத்தம் வந்தது. 1992-ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் உருவானது. இப்போது இந்த ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் இந்தியாவில் எந்தப் பூங்காவும் இயங்க முடியாது. யானைகளைப் பூங்காக்களில் காட்சிக்கு வைக்க வேண்டாம் என்று 2009-ல் உத்தரவிட்டதும் இதே ஆணையம்தான்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. பூங்கா விலங்கைச் சீண்டுவது, அதற்குத் தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது எல்லாமே சட்டப்படி குற்றம். வண்டலூரில் தூங்கும் சிங்கத்தை எழுப்பி வீடியோ எடுக்க நினைத்தால், அது விளையாட்டில் சேராது, வழக்கில்தான் சேரும்.