கால்பந்து ஆசிரியர் ரகீம்

திலக் நகரில் ரயிலேறித் தென்மும்பைக்குச் சென்றால், கூப்பரேஜ் என்னும் கால்பந்துத் திடலைக் காணலாம். புகழ்பெற்ற ரோவர்ஸ் கோப்பைப் போட்டிகள் நடைபெற்ற திடல் அது. 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அக்கோப்பையை வென்றது ஐதராபாத் நகரக் காவல்துறை அணி. அவ்வணியின் பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம்.

ரகீம் 1909ஆம் ஆண்டு பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் நல்ல ஆட்டக்காரராக விளங்கினார்; பின்னர்ப் பள்ளி ஆசிரியரானார். காவல்துறை அணிக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கினார். வலக்காலால் ஆடிப் பழகிய சிறுவர்கள் இடக்காலால் மட்டுமே ஆட வேண்டும் என விதி வகுத்துப் போட்டிகள் நடத்தினார். குறையை மறைப்பதைவிடத் திருத்துவதே மேல் என்பது அவர் கொள்கை.

செகந்திராபாத் அருகே, நம்மைப் போலவே புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் துளசிதாஸ் பலராமன். பயிற்சிக்கு வந்து செல்லப் பணமின்றி அவர் தயங்கினார். ரகீம் மிதிவண்டி வாடகைக்குப் பணம் கொடுத்து அவரை வரவழைத்தார். பலராமன் பிற்காலத்தில் இந்திய அணியின் தலைசிறந்த முன்கள வீரர்களுள் ஒருவரானார்.

1951இல் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டில் ரகீமின் இந்திய அணி தங்கம் வென்றது. ஆனால், அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்றது. நம் வீரர் பலர் அன்று வெறுங்காலுடன் ஆடினர். அத்தோல்விக்குப் பின் காலணி கட்டாயமாயிற்று. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று, நான்காம் இடம் பெற்றது.

1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு நடைபெற்றபோது, ரகீம் புற்றுநோயால் நலிவுற்றிருந்தார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் இந்தியா 0-2 எனத் தோற்றது. பின்னர், தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங் தலையில் காயமுற்றார். ரகீம் அவரை ஒதுக்கிவிடவில்லை. முன்கள வீரராக மாற்றி ஆடச் செய்தார். இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென்கொரியாவே எதிரே நின்றது. திரண்டிருந்த கூட்டமோ இந்தியாவுக்கு எதிராக முழங்கியது. பி.கே.பானர்ஜியும், தலையில் கட்டுடன் ஆடிய ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். பீட்டர் தங்கராஜ் கோலைக் காத்து நின்றார். இந்தியா 2-1 என வென்று தங்கம் பெற்றது.

ஒன்பது திங்கள் கழித்து, 1963 ஜூன் 11ஆம் நாள் ரகீம் மறைந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வென்றதில்லை.

சொற்பொருள்
திடல் – மைதானம்
நலிவுற்று – உடல் மெலிந்து
திங்கள் – மாதம்

வினாக்கள்
1. ரகீம் சிறுவர்களுக்கு வகுத்த விதி யாது? அதன் பயன் என்ன?
2. ஜர்னைல் சிங்கை ரகீம் ஏன் முன்கள வீரராக மாற்றியிருப்பார்? சிந்தித்து எழுதுக.
3. உன் திறமையைக் கண்டு ஊக்குவித்த ஒருவரைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.