மூமின்களைப் படைத்த டோவே யான்சன் யார்?

வெள்ளை உடம்பு, பெரிய மூக்கு, சின்ன வால். கோப்பையிலும் கைப்பையிலும் இந்த உருவத்தைப் பார்த்திருப்பீங்க. நீர்யானை மாதிரி இருக்கும். ஆனா நீர்யானை இல்லை. அதுதான் மூமின்!

அதைப் படைத்தவர் ஃபின்லந்தின் ஓவியரும் எழுத்தாளருமான டோவே யான்சன்.

பார்க்க அழகான மூமின்களின் கதை, போர்க்காலத்தில் தொடங்கியது.

எப்படி ஆரம்பித்தது?

டோவே 1914இல் ஹெல்சின்கியில் பிறந்தார். அப்பா சிற்பி. அம்மா அஞ்சல்தலைகளை வடிவமைத்த ஓவியர். வீட்டில் பேசியது சுவீடிஷ் மொழி. இன்று ஃபின்லந்தில் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 5 விழுக்காட்டினர்தான். டோவே கடைசிவரை எழுதியது அந்த மொழியில்தான்.

15 வயதிலேயே 'கார்ம்' என்ற நையாண்டிச் சஞ்சிகைக்குப் படம் வரைந்தார். 1938இல் ஹிட்லரை, கேக் கேட்டு அடம்பிடித்து அழும் குழந்தையாக வரைந்தார். அன்றைய சூழலில் அதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

1939இல் சோவியத் யூனியன் ஃபின்லந்தைத் தாக்கியது. டோவேக்குத் தூரிகையைத் தொடவே மனம் வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் கதை எழுத உட்கார்ந்தார். காணாமல்போன அப்பாவைத் தேடிப் போகும் மூமின் குட்டியும் அம்மாவும்தான் கதை. 1945இல் அது புத்தகமானது. அடுத்த ஆண்டு வந்த கதையில், ஒரு வால்நட்சத்திரம் பூமியை நோக்கி வருகிறது. குண்டுவீச்சைக் கண்டவர்களுக்கு அந்தப் பயம் புதிதல்ல.

மூமின் பள்ளத்தாக்கில் யார் இருக்கிறார்கள்?

மனிதர்கள் இல்லை. பைன் இலைகளை வயிறு முட்டத் தின்றுவிட்டுக் குளிர்காலம் முழுக்கத் தூங்கும் மூமின்கள் உண்டு. இடி மின்னலைத் தேடி அலையும் ஹட்டிஃபாட்னர்கள் உண்டு. உட்கார்ந்த இடத்தையே உறைய வைக்கும் குரோக்கும் உண்டு. யார் வந்தாலும் மூமின் வீட்டில் இடம் கிடைக்கும்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

1962இல் வெளியான 9 கதைகள் கொண்ட தொகுப்பிலிருந்து. அதில் நின்னி என்ற சிறுமி வருகிறாள். வளர்த்தவர் ஓயாமல் குத்தலாகப் பேசியதால், யார் கண்ணுக்கும் தெரியாமல் போனவள் அவள். கழுத்தில் கட்டிய மணிச் சத்தம் மட்டுமே கேட்கும். மூமின் வீட்டில் யாரும் அவளை விரட்டுவதில்லை. முதலில் பாதம் தெரிகிறது, பிறகு கால். முகம் தெரிவது எப்போது தெரியுமா? அவளுக்கு முதன்முறையாகக் கோபம் வரும்போது!

புகழ் என்ன செய்தது?

1954இல் லண்டன் நாளேடு ஒன்றில் மூமின் சித்திரக்கதை தொடங்கியது. புகழ் குவிந்தது. தினமும் வரைந்து டோவே களைத்துப்போனார். சில ஆண்டுகளில் அந்த வேலையைத் தம்பி லார்ஸிடம் ஒப்படைத்தார்.

பிறகு, வாழ்க்கைத் துணையான ஓவியர் டூலிக்கி பியெட்டிலாவுடன் கோடைக்காலங்களைக் குளோவ்ஹாரு எனும் குட்டித் தீவில் கழித்தார். கதைகளில் வரும் டூ-டிக்கி, டூலிக்கியின் சாயல்தான்.

1966இல் சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது. 1970இல் அம்மா காலமானார். அதே ஆண்டு வெளியான கடைசி மூமின் நாவலில் மூமின் குடும்பமே வீட்டில் இல்லை. மற்றவர்கள் வந்து காத்திருக்கிறார்கள்.

டோவே 2001இல், 86 வயதில் காலமானார். சிறுபான்மை மொழியில் எழுதிய அவரது கதைகள் இன்று 50க்கும் அதிகமான மொழிகளில் கிடைக்கின்றன.

அடுத்த முறை மூமின் கோப்பையைக் கையில் எடுத்தால், நின்னியையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.