அழிந்த கோட்டையை ஏட்டில் காத்த இளைஞர்

காத்தான்குடியிலிருந்து மட்டுநகர் செல்வோர், கல்லடிப் பாலத்தைக் கடந்து புளியந்தீவை அடைந்ததும் வாவிக்கரையில் பழைய கோட்டையைக் காண்பர். 1628இல் போர்த்துக்கீசர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அது. நாள்தோறும் அவ்வழியே செல்லும் நம்மில் எத்தனை பேர் அதை நின்று பார்த்திருக்கிறோம்? கோட்டைகளை நின்று பார்ப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஓவியர் ஒருவரின் வரலாற்றை நம் வாலிபர்களுக்கு இங்கே கூற விரும்புகின்றோம்.

அவர் பெயர் வில்லியம் டானியல். 1769இல் இங்கிலாந்திற் பிறந்தார். பத்து வயதளவில் தந்தையை இழந்தார். தந்தையின் உடன்பிறந்தவரும் ஓவியருமான தாமஸ் டானியல் அவரைத் தம்மிடம் வைத்து வளர்த்தார். 1785இல் இருவரும் கப்பலேறினர். சீனா வழியாக 1786இல் கல்கத்தாவை அடைந்தனர். அப்பொழுது வில்லியம் மீசை அரும்பாத சிறுவர். பென்சில் சீவுவது முதல் செப்புத் தகட்டிற் படம் பொறிப்பது வரை அனைத்தையும் அவர் பெரியவர் அருகிலிருந்தே பழகினார்.

மைசூர்ப் போர் ஒன்று முடிந்த 1792இல் இருவரும் சென்னையில் இறங்கித் தெற்கே புறப்பட்டனர். பல்லக்குச் சுமந்தோரும் வண்டி ஓட்டினோரும் வருந்தி உழைத்திராவிடில் அப்பயணம் நடந்திராது. இராயக்கோட்டை முதலிய மலைக்கோட்டைகள், திருச்சிராப்பள்ளி மலை, தஞ்சைப் பெரிய கோயில், மதுரைத் திருமலை நாயக்கர் மாளிகை, இராமேசுவரக் கோயில் ஆகியவற்றை ஏடுகளில் வரைந்தனர். 1794இல் தாயகம் திரும்பி, 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளியிட்டனர்.

அவர்கள் வென்றவர் நாட்டினர். படைகள் திறந்த வழியிலேயே நடந்தனர். அதை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆயினும் மதுரைக் கோட்டை மதில் 1840களில் ஆங்கில அதிகாரியால் இடிக்கப்பட்டது. இன்று அக்கோட்டையின் பழைய தோற்றத்தை அறிய விரும்புவோர் அப்படங்களையும் நாடலாம். கல் போயிற்று; தாள் நின்றது.

பின்னர் வில்லியம் தம் நாட்டின் கரையைச் சுற்றினார். 1814 முதல் 1825 வரை வெளிவந்த 308 படங்களில் கார்னார்வன், டன்வேகன், டன்ராபின் முதலிய ஐரோப்பியக் கோட்டைகள் இடம்பெற்றன. இந்தியாவிற் பழகிய கை அங்கே முதிர்ச்சியடைந்தது. 1837இல் அவர் காலமானார்.

அவர் தம்பி சாமுவேலும் ஓவியரே. அவர் நம் இலங்கைக்கு வந்து, திருக்கோணமலைத் துறைமுகத்தை ஒஸ்டன்பேர்க் கோட்டையிலிருந்து வரைந்தார். 1808இல் இலங்கைக் காட்சிகளை நூலாக்கினார். 1811இல் இந்நாட்டிலேயே 36 வயதளவில் மறைந்தார்.

1978ஆம் ஆண்டுச் சூறாவளியும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் நம் கரையில் எத்தனை வீடுகளையும் ஆலயங்களையும் கொண்டு சென்றன என்பதை முதியோர் அறிவர். அவற்றின் உருவம் பலவும் இன்று அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளது. ஆகவே வாலிபர்களே, ஒரு கொப்பியும் பென்சிலும் எடுங்கள். ஊர்க் கோயிலையும், வாவித் துறையையும், கோட்டையையும் வரையுங்கள். முதியோரை அருகிலிருத்தி, மறைந்தவை எவ்வாறிருந்தன என்று கேட்டும் வரையுங்கள். தாமஸ் தம் உடன்பிறந்தார் மகனுக்குக் கைகொடுத்தது போல முதியோரும் உங்களுக்குக் கைகொடுப்பார்களாக.