ஓய்வு பெற்றவரை மீண்டும் அழைத்த 'கோபால்'... யார் இந்த கிரேஸ் ஹாப்பர்?

2020 ஏப்ரல். கொரோனாவால் வேலை இழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிய, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாண அரசு கம்ப்யூட்டர்கள் திணறின. ஆளுநர் ஃபில் மர்ஃபி அவசரமாகத் தேடியது யாரைத் தெரியுமா? கோபால் தெரிந்த தன்னார்வலர்களை. நம்ம ஊர் கோபால் இல்லைங்க, 1959-ல் உருவாகத் தொடங்கிய புரோகிராமிங் மொழி!

அதன் வேரில் இருப்பவர் கிரேஸ் ஹாப்பர். 1906-ல் நியூயார்க்கில் பிறந்தவர், யேல் பல்கலையில் கணிதத்தில் முனைவர் பட்டம், கல்லூரிப் பேராசிரியை. இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் சேரப் போனால், எடை போதாது என்றார்கள். விடவில்லை, சிறப்பு அனுமதி வாங்கிச் சேர்ந்தார். ஹார்வர்டில் மார்க்-1 என்ற ராட்சத கணிப்பொறி அவருக்காகக் காத்திருந்தது.

அப்போதெல்லாம் கோடு என்றால் எண்களும் குறியீடுகளும்தான். சம்பளக் கணக்கு போடுறவர் எதுக்கு இதோட மல்லுக்கட்டணும் என்று யோசித்தார் ஹாப்பர். மனிதர்கள் ஆங்கில வார்த்தைகளில் எழுதட்டும், மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் வேலையை மெஷினே பார்க்கட்டும் என்பது அவர் ஐடியா. பலர் நம்பவே இல்லை. ஆனாலும் 1952-ல் இன்றைய கம்பைலர்களின் முன்னோடியான ஏ-0 வந்தது. அடுத்து ஃப்ளோ-மேட்டிக் மொழி. கோபால் பெருமளவு கடன் வாங்கியது இதிலிருந்துதான். ஆனால், கோபாலை வடிவமைத்தது ஜீன் சாமெட் உள்ளிட்டோர் அடங்கிய குழு. ஹாப்பர் ஆலோசகர். 'கோபாலின் தாய்' பட்டத்தை அவருக்கு மட்டுமே கொடுப்பது கொஞ்சம் ஓவர்தான்.

1966-ல் ஓய்வு. ஆனால், ஆளுக்கொரு விதமாகக் கிளை பிரிந்த கோபாலை ஒழுங்குபடுத்த, அடுத்த ஆண்டே கடற்படை திரும்பக் கூப்பிட்டது. ஆறு மாதம் என்று சொல்லித்தான் அழைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பியது 1986-ல், ரியர் அட்மிரலாக, 79 வயதில்! 1992 ஜனவரி 1 அன்று மறைந்தார்.

இடம் மிச்சம் பிடிக்க ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிய பழைய கோடு, ஒய்2கே தலைவலியானது அதற்குப் பிறகு. அந்த வேலைதான் இந்திய ஐடி நிறுவனங்களுக்கு அமெரிக்கக் கதவைத் திறந்தது.

இன்று கல்லூரிகளில் கோபால் படிப்போர் மிகக் குறைவு. எழுதியவர்களோ ரிட்டயர்டு. அப்புறம் ஏன் மாற்றவில்லை? வங்கி, காப்பீடு, அரசுத் துறைகளில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த விதிகளும் விதிவிலக்குகளும் பல இடங்களில் அந்த கோடில் மட்டுமே இருக்கின்றன, தனியாக ஆவணம் கிடையாது. எதையாவது தொட்டால் எது உடையும் என்று சொல்ல ஆள் இல்லை. புதிதாகச் சேரும் டெவலப்பருக்கு மொழியைக் கற்பது பெரிய விஷயமே இல்லை, அந்த விதி ஏன் அங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே.

இத்தனைக்கும், காலங்காலமா இப்படித்தான் செய்றோம் என்ற பேச்சே ஹாப்பருக்கு ஆகாது. அதற்காகவே தன் அலுவலகத்தில் தலைகீழாக ஓடும் கடிகாரத்தை மாட்டியவர் அவர். கோபாலை ஜாவாவுக்கு மாற்ற உதவும் ஏஐ கருவியை ஐபிஎம் 2023-ல் அறிவித்தது. அதே ஆண்டுதான் கோபாலுக்குப் புதிய சர்வதேச தரநிலையும் வெளியானது.