கிறிஸ்து பக்தர் குமரப்பா

பக்தியென்பது வழிபாட்டு வேளையோடு முடிந்துவிடுவதா, அன்றி உண்பதிலும் உடுப்பதிலும் வரவிலும் செலவிலும் விளங்க வேண்டுவதா என்னும் வினா நம் நாட்டுக்குப் புதிதன்று. கள்ளக்குறிச்சி ஜில்லாவைச் சேர்ந்த திருநாவலூர், சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த தலம். அந்நாயனார் இல்லறத்தை விட்டு ஓடியவரல்லர். மனைக்கு வேண்டிய நெல்லையும் பொன்னையும் தம் தோழராகிய இறைவனிடமே கேட்டுப் பெற்றாரெனப் பெரியபுராணம் கூறும். அன்றாட வாழ்வுக்கும் ஆண்டவனுக்கும் நடுவே அவர் சுவரெழுப்பவில்லை. இம்மரபில் வந்த நமக்கு, வேறொரு வேதத்தில் பிறந்து அவ்வேதத்தையே தம் அன்றாட நடையாக்கிக் கொண்ட ஒரு தமிழரின் சரித்திரம் அந்நியமாகத் தோன்றாது. அவர்தாம் ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா.

1892-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் அவர் பெயர் ஜோஸப் செல்லத்துரை கார்னிலியஸ். லண்டனில் கணக்குப் பரிசோதனைத் தொழிலைக் கற்றுப் பம்பாயில் அதனை நடத்தி வந்தார். உடையிலும் நடையிலும் அவர் அக்காலத்தில் முழு மேனாட்டுக் கனவானாகவே விளங்கினார். பின்னர் அமெரிக்கா சென்று ஸிரக்யூஸ், கொலம்பியா சர்வகலாசாலைகளில் பயின்றார். அங்கே ஒரு தேவாலயத்தில் இந்தியாவின் வறுமையைக் குறித்து அவர் செய்த பிரசங்கம் பத்திரிகையில் வெளிவந்தது. அதைக் கண்ட பேராசிரியர் ஸெலிக்மன் அவ்விஷயத்தையே ஆராயுமாறு பணித்தார். சர்க்காரின் வரவு செலவுக் கணக்கை ஆராய ஆராய, ஏழைக் குடியானவன் செலுத்தும் வரி எங்கே போகிறதென்பது அவருக்கு வெட்ட வெளிச்சமாயிற்று. கணக்கு மாணவர் தேசபக்தராயினார்.

1929-ம் வருஷம் மே 9-ந் தேதி சபர்மதியில் மகாத்மா காந்தியைச் சந்தித்தார். அந்நியப் பெயர் நீங்கிக் குமரப்பா என்னும் குடும்பப் பெயர் நிலைத்தது. அந்நிய உடை நீங்கிக் கதர் வந்தது. ஆனால் கிறிஸ்துவை அவர் விடவில்லை. முன்னினும் இறுகப் பற்றினார். உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் நிராயுதபாணிகள் அடிபட்டபோது, அன்பைப் போதித்தவரின் சீடர்கள் எப்பக்கம் நிற்பதென்று பாதிரிமாரை நோக்கிப் பகிரங்கமாக வினவினார். கல்கத்தாவின் தலைமை அத்தியக்ஷர் வெஸ்ட்காட்டுடன் வாதிடவும் அவர் தயங்கவில்லை. ‘யங் இந்தியா’ பத்திரிகையின் பொறுப்பேற்று, அதன் பொருட்டுச் சிறையும் புகுந்தார். கிறிஸ்தவன் தேசத்துரோகியாகத்தான் இருப்பான் என்ற வசையை, மறுப்புரையால் அன்றி வாழ்க்கையால் அவர் துடைத்தார்.

1934-ம் வருஷம் ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் தாக்கியது. நிவாரண நிதியின் கணக்கு குமரப்பாவின் கையில் ஒப்புவிக்கப்பட்டது. தொண்டர் ஒருவரின் ஒரு நாள் உணவுக்கு மூன்று அணாவென வரையறுத்தார். மகாத்மாவே தம் பரிவாரத்துடன் பாட்னாவுக்கு வந்தபோதும், அவர்கள் செலவுக்கு அந்நிதியிலிருந்து பணம் தர மறுத்துவிட்டார். துயருற்றோருக்கெனத் தந்த காசு துயருற்றோருக்கே சேர வேண்டுமென்பது அவர் கொள்கை. ஜெபம் செய்யும் நாவைப் போலவே கணக்கெழுதும் கையும் தூயதாயிருத்தல் வேண்டுமென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அவ்வாண்டின் இறுதியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. அதன் காரியதரிசியாக வார்தாவில் அமர்ந்து கைக்குத்தலரிசி, செக்கெண்ணெய், வெல்லம், கைக்காகிதம் ஆகியவற்றுக்காக உழைத்தார். உண்ணும் சோற்றிலும் எழுதும் காகிதத்திலும் ஏழையின் கூலி அடங்கியிருக்கிறது என்பதை மறவாதிருத்தலே அவருக்கு வழிபாடு. ஆகஸ்டுப் போராட்டத்தை ஒட்டி மறுபடியும் சிறைப்பட்டபோது இரு நூல்களை எழுதினார். ஒன்று கிறிஸ்துவின் உபதேசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. முன்னதில் கண்ட அன்பையே பின்னதில் தொழில்முறையாக வகுத்தார். பிறர் உழைப்பை உறிஞ்சும் வாழ்வு கடையென்றும், பயன் கருதாது தொண்டு செய்யும் வாழ்வு தலையென்றும் தரம் பிரித்தார். இரண்டுக்கும் மகாத்மா முன்னுரை வழங்கினார்.

சுதந்திரம் வந்தபின் சர்க்கார் பெருந்தொழில்களின் வழியே சென்றது. குமரப்பா தம் கருத்தை மாற்றிக் கொள்ளவுமில்லை, பதவியை நாடவுமில்லை. மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதனத்தில் எளிய வாழ்வு நடத்தினார். விவாகம் செய்துகொள்ளாத அவருக்கு ஏழை ஜனங்களே குடும்பம். 1960-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி, மகாத்மா மறைந்த அதே தேதியில், உயிர் நீத்தார்.

மதச் சின்னங்களை உயர்த்திப் பிடிப்போர் எம்மதத்திலும் உளர். குமரப்பாவின் விசுவாசமும் ஊரறிய விளங்கியதே. ஆயினும் அது விளங்கியது அவர் உடுத்த கதரிலும், உண்ட அரிசியிலும், எழுதிய கணக்கிலும். பொதுப்பணத்தைக் கையாளுவோரும், தேசத்தொண்டு புரிவோரும், தெய்வத்தின் பெயரைச் சொல்லுமுன் தத்தம் கணக்கேட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக. அதுவே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி.