தளபதி தௌலத் சிங்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று கீழே நோக்கினால், சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் நடுவே பரந்து கிடக்கும் சமவெளியில் மின்சாரக் கம்பங்கள் வரிசை வரிசையாகப் புலப்படும். கம்பி புலப்படாது. தேர்தல் காலங்களில் ஹெலிகாப்டரில் வந்திறங்கும் தலைவரைக் காண ஓடும் நம் ஜனங்கள் அதன் சுழல்விசிறியைப் பார்த்து வியக்கின்றனரேயன்றி, அதன் சத்துரு கம்பியே என்பதைச் சிந்திப்பதில்லை. அத்தகைய தந்திக் கம்பிதான் 1963-ம் வருஷம் நவம்பர் 22-ந் தேதி காஷ்மீரத்துப் பூஞ்ச் பிரதேசத்தில் பாரத தேசத்தின் ஐந்து படைத்தலைவர்களை ஒரே கணத்தில் பறித்துக்கொண்டது. அவர்களுள் ஒருவர் மேற்குப் பிராந்திய சேனாதிபதி லெப்டினண்ட் ஜெனரல் தௌலத் சிங். அவர் மாண்ட விதத்தை அறிந்தவர் பலர். அவர் ஆற்றிய ஊழியத்தை அறிந்தவர் சிலரே.

லடாக்கின் பாதுகாப்பு அவர் பொறுப்பில் இருந்தது. 1961-ம் வருஷக் கடைசியில் டில்லி சர்க்கார் முன்னேறிச் சென்று காவல்நிலைகள் அமைக்கும் கொள்கையை வகுத்தனர். பத்துப் பேர், இருபது பேர் கொண்ட நிலைகள். உணவும் தோட்டாவும் விமானத்திலிருந்து போடப்பட வேண்டியவை. நம் திண்டுக்கல் கோட்டையைப் பலப்படுத்திய ஹைதர் அலிக்குச் சுவரைவிடத் தானியக் கிடங்கே முக்கியமென்பது தெரிந்திருக்கும். தௌலத் சிங்கும் அக்கணக்கையே போட்டார். கல்வான் பள்ளத்தாக்கில் நிலை அமைப்பது சீனரைத் தூண்டிவிடும் என்று எச்சரித்தார். மேலிடம் அதைத் தள்ளிற்று. 1962-ம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் அவர் மீண்டும் எழுதினார். எதிரே ஒரு முழு டிவிஷன் நிற்க, நம்மிடம் இருந்தவை நான்கு பட்டாளங்கள். அவற்றிலும் இரண்டு உள்ளூர் மிலிஷியா. படைபலம் சேரும் வரையில் மோதலைத் தவிர்க்க வேண்டும், ராஜீயக் கொள்கை கையிலுள்ள பலத்துக்கு இசைந்திருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. கோழையின் வார்த்தை என்று இதை எவரும் கூறத் துணியார். டில்லியில் பிரியமான வார்த்தை சொன்னவர்களுக்கு அந்நாளில் பஞ்சமில்லை. அப்ரியமான உண்மையை எழுத்தில் வைத்தவர் மிகச் சிலர்.

அக்டோபர் 20-ந் தேதி யுத்தம் மூண்டது. கல்வான் நிலை அன்றே வீழ்ந்தது. சொன்னது பலித்ததென்று அவர் கைகட்டி நிற்கவில்லை. காஷ்மீர எல்லையிலிருந்து படைகளை விரைவாக லடாக்குக்குத் திருப்பினார். சிதறிக் கிடந்த சிறு நிலைகளைப் பின்னுக்கு இழுத்து ஒன்று சேர்த்தார். சுஷூலுக்கு விமானத்திலேயே டாங்கிகள் போய்ச் சேர்ந்தன. நவம்பர் 18-ந் தேதி ரெஸாங் லா கணவாயில் மேஜர் ஷைத்தான் சிங்கும் அவருடைய குமாவோன் வீரர்களும் ஏறத்தாழ அனைவரும் மடியும் வரை போரிட்டனர். கிழக்கே சேலாவும் பொம்டிலாவும் சரிந்து படை சிதறிய அந்நாட்களில், லடாக்கில் நிலம் போயிற்றேயொழியப் படை குலையவில்லை. லே நகரம் காக்கப்பட்டது.

போர்நிறுத்தத்தைச் சீனா அறிவித்து ஓராண்டும் ஒரு நாளும் சென்றபின் அவ்விபத்து நேர்ந்தது. பூஞ்ச் பக்கத்து எல்லையைப் பார்வையிடச் சென்ற அலூவெட் ஹெலிகாப்டர் தாழப் பறக்கையில் கம்பிகளில் மோதி வீழ்ந்தது. லெப்டினண்ட் ஜெனரல் விக்ரம் சிங், கோவா விடுதலையில் விமானப்படையை நடத்திய ஏர் வைஸ் மார்ஷல் பிண்டோ, மேஜர் ஜெனரல் நானாவதி, பிரிகேடியர் ஓபராய் ஆகியோர் உடன் மாண்டனர். ஆறாமவர் விமானி சோதி. அவர் பெயரைப் பலரும் விட்டுவிடுகின்றனர். சதியோ என்ற ஐயம் தேசமெங்கும் எழுந்தது. விசாரணையில் கம்பியே காரணம் என்று தெளிந்தது. அதே நாள், நம் நாட்டில் நள்ளிரவாகும் வேளையில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். உலகத்தின் துக்கம் முழுவதும் அப்பக்கம் திரும்பிற்று.

உயர்ந்த தளபதிகள் பலர் ஒரே விமானத்தில் செல்லலாகாது என்னும் விதி இவ்விபத்துக்குப் பின்னரே வலுப்பெற்றது. தௌலத் சிங்கின் ஸ்தானத்துக்கு வந்தவர் மானெக்ஷா. அவர் தம் இறுதிக் காலத்தைக் கழித்த குன்னூர்ப் பக்கத்திலேயே, 2021-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி, முப்படைத் தலைவர் ஜெனரல் ராவத் ஏறிவந்த ஹெலிகாப்டர் மேகத்தில் சிக்கி மலையில் மோதிற்று.